பனையோலைக் கூடை விற்க டிரஸ்ட் எதற்கு?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி பக்கம் கடலோர ஊர்களில் பனையோலைப் பெட்டி, கூடை முடைகிற பெண்கள் சுமார் 40 பேர். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து அவர்களுக்கு நல்ல கூலி கிடைக்கும்படி பொருளை வாங்கி, சென்னைக் கடைகளுக்கும் ஆன்லைனிலும் விற்கப் போகிறார்கள். வெளிநாட்டில் இருக்கும் ஒரு நண்பர் ஐந்து லட்சம் தரத் தயார். "லாபம் எங்கள் நோக்கமில்லை, ஆனால் முழுநேரமாக இறங்குகிற இரண்டு பேருக்குச் சம்பளம் வேண்டும். டிரஸ்ட் போட்டால் வரி கிடையாது என்கிறார்கள். டிரஸ்ட்டா, செக்‌ஷன் 8 கம்பெனியா, பிரைவேட் லிமிடெட்டா?"

டிரஸ்ட் வேண்டாம். உங்கள் விஷயத்தில் செக்‌ஷன் 8-ம் (கம்பெனிச் சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிகிற லாபநோக்கற்ற கம்பெனி) அனேகமாக வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

சமூக நோக்கத்தோடு தொழில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் தங்கள் மனசுக்கு எது பொருந்துகிறது என்று பார்த்துச் சட்ட வடிவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நல்ல காரியம் செய்கிறோம், அதனால் டிரஸ்ட். சட்டமும் வரித்துறையும் உங்கள் மனசைப் பார்ப்பதில்லை. பணம் எங்கிருந்து வருகிறது, மிஞ்சுவது யாருக்குப் போகிறது, இந்த இரண்டைத்தான் பார்க்கின்றன. நன்கொடையில் ஓடுகிற அமைப்புக்கு ஒரு வடிவம், விற்பனையில் ஓடுகிறதற்கு வேறு வடிவம். கூடையைக் கடைக்காரர் காசு கொடுத்து வாங்குகிறார் என்றால் நீங்கள் செய்வது வியாபாரம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

முதலில் இந்த "வரி கிடையாது" பேச்சை முடித்துவிடுவோம். கம்பெனிக்கு வரி லாபத்தின் மேல்தான், விற்பனையின் மேல் அல்ல. வருடம் 30 லட்சத்துக்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். குருத்தோலை, சாயம், முடைகூலி, லாரி வாடகை, உங்கள் இரண்டு பேர் சம்பளம், கடைக்காரர் திருப்பியனுப்பிய சரக்கு எல்லாம் போக இரண்டு லட்சம் மிஞ்சினால் பெரிய விஷயம். 22 விழுக்காடு வரித் திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் கம்பெனிக்கு சர்சார்ஜ், செஸ் சேர்த்து 25.17 விழுக்காடு ஆகிறது. ஆக, வரி 50,000 ரூபாய் சொச்சம். பெண்களுக்குக் கூலியை இன்னும் கொஞ்சம் ஏற்றிக் கொடுத்தால் அதுவும் குறையும், உங்கள் நோக்கமும் அதுதானே. இந்த 50,000-ஐ மிச்சம் பிடிக்கத்தான் டிரஸ்ட் என்றால், அதற்குக் கொடுக்கிற விலை ரொம்ப அதிகம்.

என்ன விலை? டிரஸ்ட் பத்திரம் பதிந்த உடனே வரிவிலக்கு வந்துவிடாது. வருமான வரித்துறையில் 12ஏபி பதிவு தனியாக வாங்க வேண்டும், முதலில் தற்காலிகமாக மூன்று ஆண்டு, பிறகு திரும்ப விண்ணப்பம். (2026 ஏப்ரலிலிருந்து புதிய வருமான வரிச் சட்டம். பிரிவு எண்களெல்லாம் மாறிவிட்டன, ஆனால் ஆடிட்டர்கள் வாயில் இன்னும் பழைய எண்தான், நானும் அதையே சொல்கிறேன்.) அப்புறம், வருமானத்தில் 85 விழுக்காட்டை அந்த ஆண்டே நோக்கத்துக்குச் செலவழிக்க வேண்டும், இல்லையென்றால் எதற்காகச் சேர்த்து வைக்கிறோம் என்று படிவம் கொடுத்துக் காரணம் சொல்ல வேண்டும். சீசனில் ஓலையை மொத்தமாக வாங்கிப் போடக் கையில் காசு வைத்திருக்க வேண்டிய தொழிலுக்கு இது எப்படி இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

பெரிய சிக்கல் இதைவிட வேறு. அறப்பணி என்றால் என்ன என்று வரிச் சட்டத்தின் 2(15) பிரிவு சொல்கிறது. ஏழைகளுக்கு உதவி, கல்வி, மருத்துவம் என்று சில வகைகளைப் பெயர் சொல்லிவிட்டு, கடைசியில் "பொதுப் பயன்பாட்டுக்கான வேறு எந்த நோக்கமும்" என்று ஒரு பெரிய வலையை விரித்து வைத்திருக்கிறது. இந்தக் கடைசி வகையில் நீங்கள் விழுந்தால் வியாபார வரவு மொத்த வரவில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் அந்த ஆண்டுக்கு விலக்கு இல்லை. 2022 அக்டோபரில் அகமதாபாத் நகர்ப்புற வளர்ச்சி ஆணைய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை இறுக்கிப் பிடித்துவிட்டது. உங்கள் வரவில் 90 விழுக்காடு கூடை விற்ற காசு. அப்போது கணக்கு எங்கே நிற்கும்?

வாதாட வழியே இல்லை என்று சொல்லவில்லை. 2008-இல் நேரடி வரிகள் வாரியம் வெளியிட்ட 11-ஆம் எண் சுற்றறிக்கை, ஏழைகளுக்கு உதவி என்ற வகைக்குள் பின்தங்கிய பெண்கள், வறிய கைவினைஞர்கள் எல்லாரும் வருவார்கள் என்று தெளிவாகவே சொல்கிறது. ஓலை முடைகிற பெண்கள் இரண்டிலும் வருகிறார்கள். இந்த வகைக்குள் நின்றால் 20 விழுக்காடு வரம்பு கிடையாது. தொழில், அறநோக்கத்துக்குத் துணையானதாக இருக்க வேண்டும், கணக்குப் புத்தகம் தனியாக வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதற்கு உங்கள் டிரஸ்ட் பத்திரம் அதை மட்டும் சொல்ல வேண்டும். நடப்பது என்ன? பத்திரம் எழுதுகிறவர் கம்ப்யூட்டரில் ஒரு பழைய மாதிரி இருக்கும். அதில் கல்வி, மருத்துவம், மரம் நடுதல், யோகா, முதியோர் இல்லம், கண்தான விழிப்புணர்வு என்று இருபது நோக்கம். பெயரை மட்டும் மாற்றிக் கையெழுத்து வாங்கிவிடுவார். அந்தப் பத்திரத்தை வைத்துக்கொண்டு "நாங்கள் வறிய கைவினைஞர்களுக்காக மட்டுமே" என்று அதிகாரி முன் நின்றால் அவர் ஏன் நம்ப வேண்டும்?

"அரவிந்த் கண் மருத்துவமனை டிரஸ்ட்தானே, அவர்கள் தயாரித்து விற்கவில்லையா" என்று உடனே கேட்பீர்கள். நியாயமான கேள்வி. டாக்டர் கோ. வெங்கடசாமி ஓய்வுபெற்ற பிறகு 1976-இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கியது, நடத்துவது கோவெல் டிரஸ்ட். 1992-இல் வந்த ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்துகிற லென்ஸைத் தயாரித்து உலகம் முழுக்க விற்கிறது, அதுவும் டிரஸ்ட்தான். ஆனால் அவர்கள் நிற்பது மருத்துவம் என்கிற, சட்டம் பெயர் சொல்லி வைத்த வகையில். லென்ஸ் இல்லாமல் கண்புரை அறுவை சிகிச்சை இல்லை, அறுவை சிகிச்சைதான் நோக்கம். தொழிலுக்கும் நோக்கத்துக்கும் நடுவில் இடைவெளியே இல்லாதபோது டிரஸ்ட் அழகாக வேலை செய்யும். உங்கள் கூடையைப் பெங்களூர்க்காரர் சோபா பக்கத்தில் வைக்க வாங்குகிறார். அங்கிருந்து ஏழைப் பெண்ணின் நலனுக்கு ஒரு வாதத்தைக் கட்டி ஒவ்வொரு ஆண்டும் காப்பாற்றிக்கொண்டிருக்க வேண்டும்.

சரி, அப்போது லாபநோக்கற்ற வடிவம் யாருக்குத்தான் தேவை? வெளியார் பணம் வேண்டியவர்களுக்கு. பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்கென்று ஒதுக்குகிற சி.எஸ்.ஆர். பணம் வேண்டுமென்றால் (நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி உள்ளவர்கள் மூன்றாண்டுச் சராசரி லாபத்தில் 2 விழுக்காடு செலவழிக்க வேண்டும் என்கிற அந்தச் சட்டம்) நீங்கள் டிரஸ்ட்டாகவோ சொசைட்டியாகவோ செக்‌ஷன் 8 கம்பெனியாகவோ இருந்து, மேலே சொன்ன 12ஏபி பதிவு, நன்கொடை தருகிறவருக்கு வரிச்சலுகை கிடைக்க வைக்கிற 80ஜி இரண்டும் வைத்து, மூன்று ஆண்டு வேலை செய்து காட்டி, சி.எஸ்.ஆர்.-1 படிவமும் போட்டிருக்க வேண்டும். பிரைவேட் லிமிடெட்டுக்கு அந்தக் கதவு மூடியதுதான். ஊர்க்காரர்களிடம் நன்கொடை வாங்கி 80ஜி ரசீது கொடுக்க வேண்டுமென்றாலும் இதே. நீங்கள் எழுதியதில் இந்த இரண்டும் இல்லை. இருப்பது ஒரு நண்பரின் ஐந்து லட்சம்.

அந்த ஐந்து லட்சத்தில்தான் கவனம் வேண்டும். அவர் கையில் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட்? இந்தியக் குடிமகனாகவே இருந்து அங்கே வேலை பார்க்கிறார் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டை (வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) வைத்திருக்கிறார் என்றால் அது வெளிநாட்டு நன்கொடை. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் டிரஸ்ட் கணக்கில் ஒரு ரூபாய் வாங்கினாலும் குற்றம். அந்தப் பதிவு கேட்கவே மூன்று ஆண்டு இயங்கியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சமாவது நோக்கத்துக்குச் செலவழித்திருக்க வேண்டும், அப்புறம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில் கணக்கு. புது டிரஸ்ட்டுக்கு எட்டாக் கனி. அதே ஆள் பிரைவேட் லிமிடெட்டில் பங்கு வாங்கினால் அது முதலீடு, ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் கீழ் வரும். பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு ஒரு படிவம் போட வேண்டும், ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். பாருங்கள், "நல்ல காரியம்" என்று பெயர் வைத்தால் அவர் பணம் வருவது பெரும்பாடு, வியாபாரம் என்று சொன்னால் வரலாம்.

லாபநோக்கற்றதுதான் வேண்டும் என்று நீங்கள் பிடிவாதமாக இருந்தால் மூன்றில் செக்‌ஷன் 8 என்பேன். டிரஸ்ட்டில் நிறுவனர் ஆயுள் முழுக்க உட்கார்ந்திருக்கலாம், யாருக்காக நடத்துகிறீர்களோ அந்தப் பெண்களுக்கு ஒரு ஓட்டு கிடையாது. 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சொசைட்டி பதிய ஏழு பேர் வேண்டும், பொதுக்குழு, தேர்தல் எல்லாம் உண்டு, கூடவே கோஷ்டி சண்டையும் உண்டு. செக்‌ஷன் 8-க்கு இரண்டு பேர் போதும், கணக்கு வழக்கு வெளிப்படை, உண்மையாகச் செய்த வேலைக்கு நியாயமான சம்பளம் எடுத்துக்கொள்ளவும் தடையில்லை, டிவிடெண்ட்தான் எடுக்க முடியாது. ஆனால் கம்பெனி என்றால் வருடாந்திரப் படிவங்கள் உண்டு. தாமதமானால் ஒரு படிவத்துக்கு ஒரு நாளைக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லாமல் ஏறிக்கொண்டே போகும். மூன்று ஆண்டு தொடர்ந்து போடாவிட்டால் இயக்குநர்களுக்கு ஐந்து ஆண்டுத் தகுதியிழப்பு. 2017-இல் நாடு முழுக்க சுமார் மூன்று லட்சம் இயக்குநர்களுக்கு இப்படி ஆனது; அதில் பாதிப்பேர் படிவம் என்று ஒன்று இருப்பதே தெரியாத மாமா சித்தப்பாக்கள் என்பது என் சந்தேகம்.

இன்னொன்று, இந்த வழியில் திரும்பி வருவது கடினம். அறநிறுவனமாக வரிவிலக்கு அனுபவித்துவிட்டுப் பிறகு சாதாரணக் கம்பெனியாக மாறினால், சேர்ந்திருக்கிற நிகரச் சொத்து மொத்தத்துக்கும் உச்ச விகிதத்தில் வரி கட்டச் சொல்லும் 115டிடி பிரிவு 2016 முதல் இருக்கிறது. "முதலில் டிரஸ்ட் போடுவோம், பெரிதானால் மாற்றிக்கொள்வோம்" என்று யாராவது சொன்னால் இதைக் காட்டுங்கள்.

பிரைவேட் லிமிடெட் மேல் எல்லோருக்கும் இருக்கிற பயம், நாளைக்கு நோக்கம் மறந்துபோய்விடும் என்பது. வீண் பயம் இல்லை. எஸ்.கே.எஸ். நுண்கடன் நிறுவனம் தொண்டு நிறுவனமாகத் தொடங்கி, நிதிக் கம்பெனியாகி, 2010 ஆகஸ்டில் பங்குச் சந்தைக்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் நுண்கடன் வசூல் முறைகளைக் கட்டுப்படுத்த ஆந்திர அரசு அவசரச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு அந்தத் துறையே சந்தி சிரித்தது. வளர்ச்சியை மட்டும் கேட்கிற பங்குதாரர் வந்தால் கம்பெனி அந்தப் பக்கம்தான் சாயும். இங்கிலாந்தில் 2005 முதல் சொத்தை நோக்கத்தோடு பூட்டி வைக்கிற சமூக நலக் கம்பெனி என்று ஒரு வடிவமே இருக்கிறது, இங்கே அப்படி ஒன்று கிடையாது. ஆனால் நாமே ஒரு பூட்டு போட்டுக்கொள்ளலாம். கம்பெனிச் சட்டம் 2013, ஐந்தாவது பிரிவு: கம்பெனியின் உள்விதிகளில் (ஆர்ட்டிகிள்ஸ்) சிலவற்றை, வழக்கமான சிறப்புத் தீர்மானத்தால் மாற்ற முடியாதபடி கெட்டிப்படுத்தி வைக்க அனுமதிக்கிறது. விற்பனை விலையில் இத்தனை விழுக்காடு முடைகூலியாகப் போக வேண்டும், டிவிடெண்ட் இதற்கு மேல் கிடையாது, கம்பெனியை விற்றால் உபரியில் பாதி முடைகிறவர்களின் நலநிதிக்கு என்று எழுதி, எல்லாப் பங்குதாரரும் ஒப்புக்கொண்டால்தான் மாற்றலாம் என்று போடுங்கள். தொடங்கும்போதே போடுவது சுலபம். பெரும்பாலான ஆடிட்டர்கள் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்கள், நீங்கள்தான் கேட்க வேண்டும். கேட்டால் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நீங்கள் ஐந்து பேர்தான் முதலாளிகள் என்று வைத்துக்கொண்டு. உங்கள் கேள்வியில் ஐந்து பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது இருக்கிறது, அந்த 40 பேர் என்ன நினைக்கிறார்கள் என்பது ஒரு வரிகூட இல்லை. அவர்களிடம் கேட்டீர்களா?

கேட்டு, அவர்களில் பத்துப் பேராவது நாங்களே நடத்துகிறோம், பங்குப் பணம் போடுகிறோம் என்றால், உங்களுக்குச் சரியான வடிவம் உற்பத்தியாளர் கம்பெனி. விவசாயிகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். கைத்தறி, கைவினை, குடிசைத் தொழில் எல்லாம் அதில் அடக்கம். தனிநபர்கள் என்றால் குறைந்தது பத்துப் பேர், இயக்குநர்கள் ஐந்து முதல் பதினைந்து. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டு. பொருளுக்கு முதலில் ஒரு விலை, ஆண்டு முடிவில் மிஞ்சுவதிலிருந்து யார் எவ்வளவு சரக்கு கொடுத்தார்களோ அந்த அளவுக்கு ஊக்கத்தொகை. உற்பத்தி செய்யாதவர் பங்கு வாங்க முடியாது, அதாவது நீங்கள் ஐந்து பேரும் வெளியே. உங்கள் சம்பளம் என்ன ஆகும் என்றால், அதற்குச் சட்டமே இடம் வைத்திருக்கிறது. முழுநேரத் தலைமைச் செயல் அலுவலர் ஒருவரை நியமித்தே ஆக வேண்டும், அவர் உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும். நீங்கள் அந்த நாற்காலியில் உட்காரலாம், ஆனால் வேலைக்காரராக; பிடிக்கவில்லை என்றால் பெண்கள் உங்களை மாற்றுவார்கள். இது உங்களுக்கு உறுத்துகிறதா, நிம்மதியாக இருக்கிறதா என்று ஐந்து பேரும் தனித்தனியாக யோசித்துப் பாருங்கள், பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும். வெளிநாட்டு நண்பர் இதில் பங்கு போட முடியாது என்பதையும் அவரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

நடைமுறைச் சிரமங்களையும் சொல்லிவிடுகிறேன். ஐந்து இயக்குநர்களுக்கும் டிஜிட்டல் கையெழுத்து எடுக்கும்போது ஆதாரில் "செல்வி அ", பான் கார்டில் அப்பா பெயர் முழுசாகச் சேர்ந்து "செல்வி அந்தோணி", வங்கிப் புத்தகத்தில் கல்யாணத்துக்குப் பிறகு வந்த வேறு இனிஷியல் என்று மூன்றும் மூன்றாக நிற்கும். கம்பெனிப் பதிவு இணையதளத்துக்கு நம்ம ஊர் இனிஷியல் புரியாது. பெயர் திருத்தத்துக்கே இரண்டு மூன்று மாதம் ஒதுக்குங்கள், பதிவுக்குப் போகும் முன்பே பான் திருத்தத்தை முடித்துவிடுங்கள். கந்துவட்டிக்கும் ஓலை வியாபாரியின் முன்பணத்துக்கும் நடுவில் இருக்கிற பெண் ஆயிரம் ரூபாய் பங்குப் பணத்தை உடனே எடுத்து வைக்க மாட்டார், தவணையாகச் சேர்க்க வேண்டியிருக்கும். 1959-இல் பம்பாயில் ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கிய லிஜ்ஜத் அப்பளம் முடியும் என்று காட்டியிருக்கிறது, ஆனால் அவர்கள் முதல் நாளிலிருந்தே முதலாளிகள், யாரோ வந்து முதலாளி ஆக்கவில்லை.

மற்ற வடிவங்கள்: எல்.எல்.பி. (வரம்புக்குட்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம்) சுலபம், ஆனால் அதற்கு வரி 30 விழுக்காடு, பின்னால் முதலீட்டாளர் வந்தால் முகம் சுளிப்பார். கூட்டுறவுச் சங்கம் என்றால் பதிவாளரின் கை எப்போதும் தோளில் இருக்கும், ஆவின் மாதிரி அளவுக்குச் சரி, 40 பேருக்கு வேண்டாம். டிரஸ்ட் ஒன்று, கம்பெனி ஒன்று என்று இரண்டும் வைப்பது இப்போது நாகரிகம். சூரிய விளக்கு விற்கிற பெங்களூரு செல்கோ அப்படித்தான், விற்பனைக்குக் கம்பெனி, ஆய்வுக்கும் பயிற்சிக்கும் தனி ஃபவுண்டேஷன். ஆனால் கம்பெனி 1995, ஃபவுண்டேஷன் 2010, நடுவில் பதினைந்து ஆண்டு இருக்கிறது. முதல் நாளே இரண்டு வைத்தால் இரண்டு ஆடிட், இரண்டு கணக்கு. டிரஸ்ட் பணத்தைப் பிரைவேட் கம்பெனிப் பங்கில் போட முடியாது. அறங்காவலருக்கு 20 விழுக்காடு பங்கிருக்கிற கம்பெனிக்கு டிரஸ்ட் சலுகை காட்டினால் அந்தத் தொகைக்கு வரிவிலக்கு போய்விடும்.

உங்கள் இடத்தில் இருந்தால் இந்த ஓலை சீசனை எந்தப் பதிவும் இல்லாமல், உங்களில் ஒருவர் பெயரில் இலவச உத்யம் பதிவு (மத்திய அரசின் சிறுதொழில் பதிவு) மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டிப் பார்ப்பேன். பெண்கள் ஏற்கெனவே மகளிர் குழுவில் இருப்பார்கள், வங்கிக் கணக்கும் இருக்கும், பணத்தை அந்த வழியிலேயே கொடுங்கள். யார் எத்தனை கூடை, என்ன விலை, எப்போது பணம் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள். ஒரு சீசன் முடிவில் அந்த நோட்டை நடுவில் வைத்து 40 பேரையும் உட்கார வைத்துப் பேசுங்கள். நடத்த முன்வருகிறவர்கள் பத்துப் பேர் தேறினால் உற்பத்தியாளர் கம்பெனி, இல்லையென்றால் மேலே சொன்ன பூட்டோடு பிரைவேட் லிமிடெட். ஜி.எஸ்.டி. பற்றிக் குழம்ப வேண்டாம், டிரஸ்ட் என்பதற்காக அது யாரையும் விட்டுவிடாது, எந்த வடிவமானாலும் கணக்கு ஒன்றுதான்.

ஒன்றே ஒன்று மட்டும் இப்போதே செய்ய வேண்டியது, பொருளுக்கு வைக்கப் போகிற பெயர். ஐந்து பேரில் ஒருவர் தன் பெயரில் டிரேட்மார்க் எடுத்துவிட்டு, இரண்டு ஆண்டு கழித்து "பெயர் என்னுடையது" என்று கிளம்புவது இந்த மாதிரிக் கூட்டுகளில் சாதாரணமாக நடக்கும். தனிநபர் பெயரில் விண்ணப்பித்தால் ஆன்லைன் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். அப்படி எடுப்பதாக இருந்தால், அமையப் போகும் கம்பெனிக்கு மாற்றிக் கொடுப்பேன் என்று அவரிடம் முத்திரைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, மற்ற நான்கு பேரும் அதில் கையெழுத்துப் போடுங்கள்.